செல்லூர் அப்பத்தா வீடு (குடும்பக் குழு)

செல்வம் சித்தப்பா: அம்மா 4.40க்கு தவறிட்டாங்க. எல்லாரும் கிளம்பி வாங்க

பாண்டி தாத்தா: அய்யோ அக்கா

ரம்யா: சித்தப்பா, அப்பத்தா கண்ணைக் குடுத்துருவோம். 6 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும், அதாவது 10.40. இப்பவே ஃபேனை நிறுத்துங்க, காத்துல கருவிழி காஞ்சுட்டா வீண். இமையை மூடி மேல ஈரப்பஞ்சு வைங்க. தலகாணி வச்சு தலையை அரையடி உயர்த்துங்க, இல்லன்னா எடுக்கும்போது ரத்தம் கசியும், முகமும் வீங்கும்

பெரியத்தை: கண்ணில்லாம அனுப்பினா அடுத்த சென்மத்துல குருடாப் பொறக்கும்டி

கார்த்தி: எரிக்கத்தானே போறோம்

பெரியத்தை: நீ பேசாத

செல்வம் சித்தப்பா: பள்ளமாத் தெரியுமா? சனம் பாக்க வரும்

ரம்யா: தெரியாது. பெரும்பாலும் கருவிழி மட்டும்தான் எடுப்பாங்க. பிளாஸ்டிக் மூடி வச்சு இமையை மூடிருவாங்க. வீட்டுக்கே வருவாங்க, 20 நிமிஷம், காசு இல்ல. சோதனைக்குக் கொஞ்சம் ரத்தம் எடுப்பாங்க. டாக்டர் சான்றிதழ் கையில இருக்கட்டும். பிள்ளைங்கள்ல ஒருத்தர் கையெழுத்து, சாட்சி ரெண்டு பேர்

பாண்டி தாத்தா: அக்காவுக்கு சுகர். புரை ஆபரேசனும் பண்ணிருக்கு. எடுக்க மாட்டான்

ரம்யா: எடுப்பாங்க தாத்தா. வயசு, சுகர், புரை, கண்ணாடி எதுவும் தடையில்ல. வெறிநாய்க்கடி, எச்ஐவி, ரத்தப் புற்று மாதிரி நோய் இருந்தாதான் வேணாம்பாங்க

சுமதி சித்தி: ஐஸ்பெட்டி?

கார்த்தி: 6.30

ரம்யா: குளிர்ச்சி நல்லது. பஞ்சு மட்டும் காயக்கூடாது

பாண்டி தாத்தா: தத்தனேரி சுடுகாட்டுல விறகா கரண்ட்டா

கார்த்தி: கரண்ட்டுன்னா இன்னைக்கே சாம்பல் குடுத்துருவாங்க

பெரியத்தை: நாளைக்குப் பால் தெளிக்க எலும்பு வேணாமா? விறகுதான்

பெரியத்தை: அம்மா கண்ணுக்கு எழுதிக் குடுத்துச்சா?

ரம்யா: எழுதாட்டியும் பிள்ளைங்க சம்மதிச்சாப் போதும். எழுதிருந்தாலும் வீட்ல வேணாம்னா எடுக்க மாட்டாங்க அத்தை

பெரியத்தை: அப்ப என்னையக் கேட்டுத்தான் செய்யணும். வீட்டை வித்தப்ப மாதிரி இல்ல

செல்வம் சித்தப்பா: அது இப்ப எதுக்குக்கா

கார்த்தி: 😐

ரம்யா: கண் வங்கிக்குச் சொல்லிட்டேன், 7.30க்கு வர்றாங்க. வேணாம்னா 7க்குள்ள சொல்லுங்க, அவங்களை வரவச்சு வாசல்ல நிறுத்தக்கூடாது

பெரியத்தை: வாடிப்பட்டி தாண்டிட்டேன். முகத்தைப் பாத்துட்டுச் சொல்றேன்

செல்வம் சித்தப்பா: அக்கா வரட்டும்

பாண்டி தாத்தா: நெய்ப்பந்தத்துக்குப் பேரப்பிள்ளைங்க எத்தனை பேரு

ரம்யா: பேத்திகளையும் சேத்தா 7

பாண்டி தாத்தா: அதெல்லாம் பெறகு பேசிக்கலாம்

சுமதி சித்தி: ஃபேன் இல்லாம உள்ள உக்கார முடியல. கார்த்தி, வாசல்ல பந்தல் போடச் சொல்லு, சேர் 50