கச்சேரி டிக்கெட் பிளாக்கில் நாலு மடங்கு: ஒழுங்காக வாங்க வழியே இல்லையா?

கொருக்குப்பேட்டை கவிதா கேட்கிறார்:

நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் அடுத்த மாதம் நடக்கும் இசை நிகழ்ச்சிக்குப் போயே தீரணும் என்று என் தங்கை உயிரை வாங்குகிறாள். பரீட்சையில் நல்ல மார்க் எடு, கூட்டிப்போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவளும் எடுத்துத் தொலைத்துவிட்டாள்.

நான் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். டிக்கெட் விற்பனை மதியம் 12 மணிக்கு. முதலாளியிடம் சொல்லிவிட்டு முன்கூட்டியே போனும் கையுமாக உட்கார்ந்தேன். 12 அடித்ததும் உங்களுக்கு முன்னால் இத்தனை பேர் என்று ஒரு நம்பர் வந்தது. எங்கள் வார்டு மொத்தமும் வரிசையில் நின்றாலும் அவ்வளவு வராது. என் முறை வந்தபோது 1,500 ரூபாய் டிக்கெட் காலி. 12,000 ரூபாய் டிக்கெட் மட்டும் இருந்தது. சரி, நமக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று விட்டால், சாயங்காலமே இன்ஸ்டாவில் அதே 1,500 ரூபாய் டிக்கெட் 6,000க்கு! ஒரே ஆளிடம் இருபது இருக்கிறதாம். ஒருவருக்கு நாலுதான் என்று ஆப்பில் போட்டிருந்ததே, அவனுக்கு மட்டும் எப்படி?

இது குற்றமா இல்லையா? வாங்கிக்கொண்டு போனால் உள்ளே விடுவார்களா? மற்ற ஊர்களில் இதை எப்படித்தான் அடக்குகிறார்கள்? யூடியூபில் வரும், அதில் பார்த்துக்கொள் என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். அதைக் கடையிலேயே எல்லாரும் சொல்லிவிட்டார்கள்.

ராயபுரம் ரஃபி:

அக்கா, இது என்ன புதுசா? தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் வாசலில் முதல் நாள் படத்துக்கு பிளாக்கில் வாங்காத வீடு நம்ம பக்கத்தில் உண்டா? 2020ல் தியேட்டரையே மூடிவிட்டார்கள், பிளாக் மட்டும் போனுக்குள் குடி வந்துவிட்டது. 6,000 கொடுக்க ஆள் இருக்கிறான் என்றால் அதுதான் விலை. 1,500 என்று குறைத்து வைத்தது ஆர்கனைசர் தப்பு. போலீஸ் பிடித்தாலும் சேப்பாக்கத்தில் மேட்ச் அன்றைக்கு ரெண்டு டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற பொடியனைத்தான் பிடிக்கும். ரூமில் உட்கார்ந்து இருநூறு டிக்கெட் அள்ளுகிறவன் ஏசியில்தான் இருப்பான்.

வியாசர்பாடி கேட் டூட்டி:

சிஸ்டர், நான் இந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்கு நுழைவாயில் வேலைக்குப் போகிறவன். இன்ஸ்டா ஆளிடம் மட்டும் வாங்காதீங்க. அவன் அனுப்புவது ஸ்க்ரீன்ஷாட். அதே ஸ்க்ரீன்ஷாட்டை நாலு பேருக்கு விற்றிருப்பான். முதலில் வருகிறவருக்கு ஸ்கேனரில் பச்சை, அப்புறம் வருகிற மூன்று பேருக்கும் சிவப்பு. அந்த மூன்று பேரும் என்னிடம்தான் சண்டைக்கு வருவார்கள். போன் நம்பரைக் காட்டுவார்கள், ஜிபே ரசீதைக் காட்டுவார்கள். நான் என்ன செய்ய முடியும்? குறியீடு சில நொடிக்கொரு தடவை மாறுகிற ஆப் என்றால் இந்தத் தில்லுமுல்லு நடக்காது. எல்லா நிகழ்ச்சியிலும் அது இல்லை.

உள்ளே விடுவதற்கு அடையாளமாகக் கையில் கட்டுகிற பட்டையிலும் விளையாடுவார்கள். உள்ளே போனவன் கழற்றி வெளியே அனுப்புவான், அதை மறுபடி ஒட்டி இன்னொருத்தன் கையில் கட்டிவிடுவார்கள். ஒட்டுகிற இடத்தை வெளிச்சத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும். பழைய பசையில் முன்னாடி கட்டியவனின் கை முடி ஒட்டிக்கொண்டு இருக்கும்.

மண்ணடி ஜூனியர் வக்கீல்:

சட்டம் கேட்டீர்களே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 112வது பிரிவு சிறு திட்டமிட்ட குற்றங்களைப் பற்றியது. அந்தப் பட்டியலில் அனுமதியில்லாமல் டிக்கெட் விற்பது பெயர் சொல்லியே இருக்கிறது. ஒரு வருடத்துக்குக் குறையாமல் ஏழு வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. ஆனால் ஒரு குழுவையோ கும்பலையோ சேர்ந்தவர் என்று காட்ட வேண்டும். காய்ச்சல் வந்ததால் தன் டிக்கெட்டைத் தோழிக்குக் கொடுப்பவர் இதில் வரமாட்டார். இந்த விலைக்கு மேல் மறுவிற்பனை கூடாது என்று உச்சவரம்பு வைக்கும் தனி மத்தியச் சட்டம் நம்மிடம் இல்லை. கோல்ட்பிளே என்ற வெளிநாட்டு இசைக்குழுவின் நிகழ்ச்சிக்கு 2024 செப்டம்பரில் விற்பனை தொடங்கியதும் டிக்கெட் லட்சக்கணக்கில் விலை பேசப்பட்டது. மும்பை போலீஸ் விசாரித்தது, அக்டோபரில் அமலாக்கத் துறை சோதனை போட்டது. நிகழ்ச்சியும் 2025 ஜனவரியில் நடந்து முடிந்தது. அன்றைக்கு வாங்க முடியாதவருக்கு அந்த விசாரணையால் ஒரு இருக்கை கிடைத்ததா?

பெரம்பூர் பெரியவர்:

ரயில்வே முன்பதிவு கவுன்ட்டரில் உட்கார்ந்து ரிட்டயர் ஆனவன் நான். புரோக்கர்களோடுதான் என் சர்வீஸே போனது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அடையாள அட்டை கேட்காத காலத்தில் என் ஜன்னலுக்கு வரும் ஃபாரங்களைப் பார்த்தாலே தெரியும். ஆறு ஃபாரம், ஆறும் ஒரே கையெழுத்து, பேர் மட்டும் வேறு வேறு. எல்லாருக்கும் வயது 35. அந்த டிக்கெட்டை யார் தலையில் கட்டினாலும் பொருந்தும், அவ்வளவுதான். 1989 ரயில்வே சட்டத்தில் 143வது பிரிவு அப்போதே இருந்தது. மூன்று வருடம் வரை சிறை, பத்தாயிரம் வரை அபராதம். அதற்குப் பயந்து எவனும் கடையை மூடியதாக நான் பார்க்கவில்லை. பயணத்தின்போது அட்டையைக் காட்டணும் என்று ஆனதும்தான் அந்த 35 வயதுக்காரர்கள் காணாமல் போனார்கள். அப்புறம் புரோக்கர் டிக்கெட் அள்ளும் சாஃப்ட்வேருக்கு மாறினான். 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பு வேண்டும், முதல் அரை மணி நேரம் ஏஜென்டுகளுக்கு அனுமதி இல்லை என்று ரயில்வே அடுத்த பூட்டைப் போட்டது. அதற்கு முந்தைய நவம்பரில் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்ததும் நல்லதுதான். எவ்வளவு நாள் முன்னாடி விற்கிறோமோ, பதுக்குகிறவனுக்கு அவ்வளவு கொண்டாட்டம்.

ஆனால் நான் சொல்ல வந்தது பூட்டைப் பற்றி இல்லை. வெயிட்டிங் லிஸ்ட்டைப் பற்றி. ரயிலில் ஒருவர் கேன்சல் செய்தால் அந்த இடம் வரிசையில் முதலில் நிற்பவருக்குத் தானாகப் போகிறது, அதே கட்டணத்தில். நடுவில் எவனுக்கும் வேலை இல்லை. கச்சேரி டிக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது? வாங்கியதைத் திரும்பப் பெற மாட்டோம். அப்படியானால் போக முடியாதவர் என்ன செய்வார்? அவரும் அதே இன்ஸ்டாவுக்குத்தான் வந்தாகணும். அந்த நல்லவர்கள் கூட்டத்துக்குள்தான் இருபது டிக்கெட்காரன் ஒளிந்துகொள்கிறான். எக்ஸ்ட்ரா இருக்கிறது, ஃப்ரெண்ட் வரவில்லை என்று அவனும் அதையேதான் சொல்வான்.

அதனால் ஆர்கனைசருக்கு நான் சொல்வது இதுதான்: டிக்கெட்டில் பேர் போடு. முடியாதவரிடமிருந்து நீயே திரும்ப வாங்கு, வேண்டுமானால் பத்து சதவீதம் பிடித்துக்கொள். வரிசையில் நிற்கும் கவிதாவுக்குப் போட்ட விலைக்கே கொடு. பேர் போட்டால் வீட்டில் வேறொருவர் போக முடியாதே என்பீர்கள். ரயிலில் அதற்கும் வழி இருக்கிறது. உறுதியான டிக்கெட்டை வண்டி கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன் எழுதிக் கொடுத்து அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர், பிள்ளைகள், கணவன் அல்லது மனைவி பேருக்கு மாற்றலாம். புரோக்கருக்கு அத்தனை தம்பிகள் இருக்க மாட்டார்கள்.

வெளிநாட்டையும் கேட்டாய். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் முதலிலேயே போட்டோ கொடுத்துப் பதிவு செய்தால்தான் டிக்கெட், அந்தப் போட்டோ டிக்கெட்டிலேயே இருக்கும். திரும்பி வருவதை அவர்களே மறுபடி விற்கிறார்கள். ஜப்பானில் 2019 ஜூனிலிருந்து, பேர் போட்ட டிக்கெட்டைத் தொழிலாக வைத்துக் கூடுதல் விலைக்கு விற்றால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது பத்து லட்சம் யென் வரை அபராதம். அயர்லாந்தும் கூடுதல் விலைக்கு மறுவிற்பனை செய்வதற்கு எதிராக 2021ல் சட்டம் போட்டது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் அரசு அறிவித்த பெரிய நிகழ்ச்சிகளுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் வைக்க முடியாது. கூடுதல் விலை மறுவிற்பனையைத் தடை செய்யப் போவதாக பிரிட்டன் அரசும் 2025 நவம்பரில் அறிவித்தது. ஆக, அதுதான் விலை என்று அங்கே யாரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை, ரஃபி தம்பி.

ராயபுரம் ரஃபி:

சரி பெரியவரே, ஒத்துக்கிறேன். ஆனால் ஆர்கனைசருக்கு எதுக்கு இந்த வேலை? அவருக்கு எல்லாம் வித்தாச்சு, காசு வந்தாச்சு. அந்த இருபது டிக்கெட்டே உள்ளேயிருந்து வெளியே வந்ததா இருந்தா?

பெரம்பூர் பெரியவர்:

இருக்கலாம். அதனால்தான் அவர் மனசு வைக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. மைதானத்தில் கூட்டம் கூட்டப் போலீஸ் அனுமதி வாங்கித்தானே ஆகணும். வண்டி எங்கே நிற்கும், ஆம்புலன்ஸ் எங்கே என்று கேட்கிறவர்கள், பொதுமக்களுக்கு எத்தனை டிக்கெட், ஸ்பான்சருக்கும் வேண்டியவர்களுக்கும் எத்தனை பாஸ், திரும்பக் கொடுக்க என்ன ஏற்பாடு என்று இன்னும் மூன்று வரி கேட்கட்டும். எங்களிடமும் எமர்ஜென்சி கோட்டா இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்படி ஒன்று இருப்பது ஊருக்கே தெரியும். இங்கே மொத்தம் எத்தனை டிக்கெட் விற்பனைக்கு வந்தது என்பதே கவிதாவுக்குத் தெரியாது.

கொருக்குப்பேட்டை கவிதா:

நன்றி சார். கேட் டூட்டி அண்ணனுக்கும் நன்றி. அந்த முடி விஷயத்தைத் தங்கையிடம் சொன்னேன், பிளாக் ஆசை பாதி போய்விட்டது. திரும்பி வரும் டிக்கெட்டைப் போட்ட விலைக்கு விற்பீர்களா, காத்திருப்புப் பட்டியல் உண்டா என்று ஆர்கனைசருக்கு மெயில் போட்டிருக்கிறேன். உங்கள் மெயில் கிடைத்தது என்று மட்டும் பதில் வந்திருக்கிறது.

வியாசர்பாடி கேட் டூட்டி:

நிகழ்ச்சி அன்றைக்கு டிக்கெட் கவுன்ட்டர் பக்கம் ஒரு கண் வைங்க சிஸ்டர். வராத பாஸ்களைக் கடைசி நேரத்தில் விற்பனைக்கு விடுவது சில சமயம் நடக்கும். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நேராக நந்தனம்தான். கிடைக்கவில்லை என்றாலும் நஷ்டம் மெட்ரோ டிக்கெட் காசோடு போகும்.

பெரம்பூர் பெரியவர்:

அந்த மெயிலையே இன்னொரு தடவை அனுப்பும்மா. வரிசை எண் வந்த ஸ்க்ரீன்ஷாட்டையும், இருபது டிக்கெட்காரன் போட்ட பதிவையும் சேர்த்து வை. எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்று எழுது. வராவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம்.