அம்மாவுக்கு மலிவான டிவி: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. 2018 டிசம்பர் 31-ஓடு இங்கே சிங்கப்பூரில் அனலாக் (பழைய முறை) டிவி ஒளிபரப்பு முடிந்துவிட்டது, இப்போது டிஜிட்டல் மட்டும்தான். தோ பாயோவில் தனியாக இருக்கும் அம்மாவிடம் இருப்பது பழைய குண்டு டிவி, அதில் டிஜிட்டல் நேரடியாக வராது. வசந்தம் (இங்குள்ள தமிழ் ஒளிவழி) ஓடாவிட்டால் அவருக்குப் பொழுதே போகாது.

பே டிவி (கட்டண டிவி) இல்லாத வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளுக்கு அப்போது செட்-டாப் பெட்டியும் ஆண்டெனாவும் இலவசமாகவே கொடுத்தார்கள், தெரியும். ஆனால் இரண்டு ரிமோட்டோடு மல்லுக்கட்ட அம்மாவால் ஆகாது (ஒன்றையே தினமும் தேடுகிறார்). அதனால் புது டிவியே வாங்கிவிடலாம் என்று பார்க்கிறேன். 32 அங்குலம், 300 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்).

போன வாரம் ஒரு கடையில் "இதுவும் டிஜிட்டல்தான்" என்று பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். அட்டைப் பெட்டியைத் திருப்பினால் டிவிபி-டி (DVB-T, பழைய டிஜிட்டல் முறை) என்று மட்டும் இருந்தது. இங்கே வேண்டியது அதற்கு அடுத்த டிவிபி-டி2. நல்லவேளை, பணம் கட்டவில்லை.

இந்த விலையில் யாராவது வாங்கியிருக்கிறீர்களா? எந்த பிராண்ட், எந்தக் கடை? அப்புறம், வீடு மூன்றாவது மாடி, எதிரே இன்னொரு புளோக் மறைக்கிறது. உள்ளே வைக்கும் சின்ன ஆண்டெனா போதுமா, படம் விட்டுவிட்டு வருமா? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் சனிக்கிழமையே போய் வாங்கிவிடுவேன்.