ரீயூனியன் கடற்கரை விடுமுறையில் பிள்ளைகளுக்கு அறியாத பழங்களைக் கொடுக்கலாமா?

டர்பன்வாசி:
வரும் டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு இரண்டு பிள்ளைகளோடும், சிறுநீரக நோய்க்கு மருந்து எடுத்துவரும் என் மாமனாரோடும் இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்குச் செல்கிறோம். மேற்குக் கரையில் லெர்மிதாஜ் காயலுக்கு அருகே தங்குகிறோம். அங்கே போய்வந்த என் நாத்தனார், சேன் போல் சந்தைக்குப் போய்க் கண்ணில் படும் பழங்களையெல்லாம் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும், அதுதான் பயணத்தின் சிறப்பே என்கிறார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆண்டு முழுவதும் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு வாரம் கடற்கரையில் இருக்கப் போகிறோம். ஒரு பிள்ளைக்கு வயிறு கெட்டால் குடும்பமே அறைக்குள் முடங்கிவிடும், பிரெஞ்சு தெரியாத நாங்கள் மருத்துவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். மாம்பழம், வாழை, அன்னாசி, லிச்சி எல்லாம் அங்கேயும் கிடைக்கும்போது, பெயரே தெரியாத பழங்களை ஏன் கொடுக்க வேண்டும்? மாற்றுக் கருத்து உடையவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

செந்தாந்த்ரேக்காரர்:
அம்மா, சேன் போல் சந்தை வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமை காலையும் கடலோரச் சாலையிலேயே கூடுகிறது. நீங்கள் தங்கும் இடத்திலிருந்து தொலைவும் அதிகம் இல்லை. டிசம்பரில் அங்கே போனால், காம்போடு கட்டிய லிச்சிக் கொத்துகளுக்குப் பக்கத்தில், மெழுகு பூசியதுபோல் மினுங்கும் ஜமலாக் பழங்களைக் காண்பீர்கள். மணி வடிவில் இளஞ்சிவப்பாக இருக்கும் அந்தப் பழத்தைக் கடித்தால் இனிப்பைவிட நீர்தான் மிகுதியாக வரும். வெயிலில் விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்கு அதைவிட ஏற்ற பழம் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லும் தெரிந்த பழங்களிலும் ஒரு செய்தி இருக்கிறது: எங்கள் ரீயூனியன் விக்டோரியா அன்னாசியும் உங்கள் ஷ்லுஷ்லுவே வட்டாரத்து அன்னாசியும் குயீன் என்ற ஒரே இனக்குழுவைச் சேர்ந்தவை. டர்பனில் மசாலா தூவி அன்னாசி தின்ற நாக்குக்கு, இங்கே உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்னும், மாங்காய் போன்ற புளிப்புள்ள பச்சை எவிக்காய் அந்நியமாகத் தோன்றாது. கடல் தாண்டி வந்தபின் விடுதி உணவறையில் தர்ப்பூசணித் துண்டுகளை மட்டும் தின்றுவிட்டுத் திரும்புவது பிள்ளைகளுக்குப் பெரிய இழப்பு என்றே கருதுகிறேன்.

மோக்கா மருந்தாளர்:
மொரீஷியஸில் மருந்துக்கடை நடத்துபவன் என்ற முறையில் இருவரிடமிருந்தும் மாறுபடுகிறேன். தெரிந்தது பாதுகாப்பானது, தெரியாதது ஆபத்தானது என்ற கணக்கே தவறானது. உங்கள் மாமனாருக்கு உண்மையான ஆபத்து நட்சத்திரப் பழத்தில் இருக்கிறது. அது டர்பன் வீட்டுத் தோட்டங்களிலும் வளரக்கூடிய மரம். சிறுநீரகம் சரியாக இயங்குபவர் அதை அளவோடு தின்றால் ஒன்றும் நேராது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கோ அதிலுள்ள நச்சு வெளியேறாமல் உடலில் தங்கி, நிற்காத விக்கல், வாந்தி, மனக்குழப்பம், வலிப்பு என்று முற்றி உயிருக்கே உலை வைத்துவிடும். 2013இல் பிரேசில் ஆய்வாளர்கள் இந்த நச்சைப் பிரித்தெடுத்துக் காரம்பாக்சின் என்று பெயரிட்டார்கள். ஒரு பழம்கூட வேண்டாம், சாறும் வேண்டாம்.

நீங்கள் நம்பும் லிச்சியையும் எடுத்துக்கொள்ளுங்கள். பீகாரின் முசாபர்பூரில் குழந்தைகள் ஆண்டுதோறும் வலிப்பு வந்து இறந்ததற்கு, இரவு உணவின்றி வெறும் வயிற்றில் லிச்சி தின்றதும் ஒரு காரணம் என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. அவர்கள் ஊட்டம் குன்றிய பிள்ளைகள். நன்றாகச் சாப்பிடும் உங்கள் பிள்ளைகளுக்கு அந்த அச்சம் தேவையில்லை. ஆனாலும் பழுக்காத லிச்சியைக் கொடுக்காதீர்கள், காலை உணவுக்குப் பதிலாகவும் கொடுக்காதீர்கள். முள்சீத்தா, சீத்தாப்பழம் ஆகியவற்றின் விதைகளை நீக்கிவிட்டுத்தான் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும்.

கடற்கரைக்கென்றே ஒன்று சொல்கிறேன். எலுமிச்சை வகைகளை வெயிலில் உட்கார்ந்து பிழிந்துவிட்டுக் கையைக் கழுவாமல் இருந்தால், சாறு பட்ட இடமெல்லாம் ஓரிரு நாளில் தீப்புண்போல் கொப்பளித்து, பழுப்புத் தழும்பு வாரக்கணக்கில் நிற்கும். இதைப் பூச்சிக்கடி என்று நினைத்துக் களிம்பு கேட்டு வருவோரைப் பார்க்கிறேன்.

டர்பன்வாசி:
ஐயா, நீங்கள் சொன்னது அனைத்தும் என் கருத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. நட்சத்திரப் பழத்தைத் தட்டில் கண்டால் எனக்கு அடையாளம் தெரியும். ஆனால் சந்தையிலோ கடற்கரைக் கடையிலோ பல பழங்களைச் சேர்த்துப் பிழிந்த சாற்றை ஒருவர் அன்போடு நீட்டினால், அதில் என்ன இருக்கிறது என்று எப்படி அறிவேன்? எந்தத் தண்ணீரில் கழுவிய கத்தி, எப்போது வெட்டிவைத்த துண்டு என்பதும் தெரியாது. இவ்வளவையும் நினைவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பழத்தையும் சோதித்துக் கொடுப்பது எனக்கு ஓய்வாக இருக்காது. வீட்டில் சமையலும் மருந்து நேரமும் பார்ப்பவள் நான். அங்கேயும் அதே காவலா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆசிரியர்:
அக்கா, காவல் பொறுப்பு முழுவதையும் நீங்களே சுமக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? உங்கள் கணவரும் வருகிறார் அல்லவா? சந்தைக்கு அவர் பிள்ளைகளை அழைத்துப் போகட்டும். ஆளுக்கு ஒரு பழத்தைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். வெட்டாத முழுப் பழமாக வாங்கி வந்து, அறையில் கழுவி, உங்கள் கத்தியால் வெட்டினால் பாதிக் கவலை தீர்ந்தது. தட்டில் வைத்துத் தின்னச் சொன்னால் முகம் சுளிக்கும் பிள்ளை, தானே பொறுக்கியெடுத்த பழத்தை விட்டுக்கொடுக்காமல் தின்னும்.

என் மகள் மொரீஷியஸில் பழுத்த எவியை அப்படித்தான் தேர்ந்தெடுத்தாள். தோல் மஞ்சளாகி, அன்னாசியும் மாங்காயும் கலந்த மணம் வீசியது. ஆனால் அதன் கொட்டையைச் சுற்றி முள்போன்ற நார் இருப்பது தெரியாமல் ஆழமாகக் கடித்ததால் அவள் ஈறில் ஒன்று குத்திக்கொண்டது. அழுதாளா என்றால், இல்லை. நாரைப் பிடுங்கிவிட்டு, சதையை ஓரமாகச் சுரண்டித் தின்னும் வழியை அவளே கண்டுபிடித்துத் தம்பிக்கும் கற்றுக்கொடுத்தாள். பழப்பெயர் பட்டியலை வகுப்பில் எத்தனை முறை எழுதவைத்தாலும் அந்த அறிவு வராது.

கடலடி:
பழத்தைப் பற்றி இத்தனை விவாதம் நடக்கிறது, கடலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சுறாத் தாக்குதல்களுக்குப் பின் 2013 ஜூலையில் ரீயூனியனில் காயலுக்கும் கண்காணிப்புள்ள பகுதிகளுக்கும் வெளியே குளிக்கத் தடை விதித்தார்கள். லெர்மிதாஜ் காயலுக்குள் ஆழம் குறைவுதான். ஆனால் நீர் வெளிக்கடலுக்குப் போகும் வாய்ப்பகுதியில் இழுப்பு கடுமையாக இருக்கும். பிள்ளைகளை அங்கே விடாதீர்கள், பவளப்பாறைக்கு ஏற்ற காலணி போடுங்கள். உங்கள் காவல் முதலில் அங்கே தேவை.

டர்பன்வாசி:
கடலடி ஐயாவின் எச்சரிக்கைக்கு நன்றி, காயலில்தான் இறங்குவோம். பழ விஷயத்தில் முதல் சில நாள்களுக்குப் புதிய எதையும் கொடுப்பதில்லை என்ற என் முடிவில் மாற்றமில்லை. பயணக் களைப்பும் புதிய நீரும் வெயிலும் சேரும்போது, வயிற்றுக் கோளாறு எதனால் வந்தது என்றே கண்டுபிடிக்க முடியாது. அதன்பின் முழுப் பழமாக, ஒரு நாளைக்கு ஒன்று என்றால் யோசிக்கலாம். மாமனாருக்கு அதுவும் இல்லை. பிள்ளைகளுக்குப் பிடித்த பழத்தை ஊருக்கு எடுத்துவரலாமா என்று நாத்தனார் கேட்கிறார், விதையாவது கொண்டுவரலாமா?

மோக்கா மருந்தாளர்:
கூடாது. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி இறக்குமதி அனுமதி இல்லாமல் பழமோ விதையோ கொண்டுவர முடியாது. மாம்பழங்களை நாசமாக்கும் கீழைப் பழ ஈ ரீயூனியனில் 2017இல் கண்டறியப்பட்டது. ஒரு பழத்துக்குள் அதன் புழுக்கள் இருப்பது வெளியில் தெரியாது. அங்கேயே தின்று முடித்துவிடுங்கள். பலூனோ ரப்பர் கையுறையோ பட்டுத் தடிப்பு ஏற்படும் பிள்ளையாக இருந்தால், பப்பாளி, வாழை, வெண்ணெய்ப்பழம் ஆகிய தெரிந்த பழங்களிலும் கவனமாக இருங்கள்.

செந்தாந்த்ரேக்காரர்:
நாளுக்கு ஒரு பழம் என்பது எனக்குக் குறைவாகத்தான் படுகிறது. ஒரு வாரம் முடிந்துவிடும், பாதிச் சந்தை மீதமிருக்கும். அது உங்கள் குடும்ப முடிவு. மாமனாருக்காக இதை மட்டும் மறவாதீர்கள்: கடையில் "சான் காராம்போல்" என்று சொன்னால் நட்சத்திரப் பழம் வேண்டாம் என்பது புரியும். அப்படிச் சொன்ன பிறகும் ஏற்கெனவே பிழிந்துவைத்த கலப்புச் சாற்றை வாங்காதீர்கள். கண்ணெதிரே இளநீர் வெட்டிக் கொடுப்பவரிடமும் போகவேண்டாம், பொட்டாசியம் மிகுதி என்பதால் அதற்கும் மருத்துவர் அனுமதி வேண்டும். அவருக்கு எந்தெந்தப் பழம் ஆகும் என்று புறப்படுமுன் டர்பனிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.