கிராஃபீன் நாடா: விளிம்பை மாற்றினால் இலத்திரன் ஏன் இப்படி மாறுகிறது?

நிலாவெளி_மாணவி:
திருகோணமலையில் இறுதியாண்டு பௌதிகவியல் படிக்கிறேன். ஆய்வுக்காகக் கிராஃபீன் (ஓர் அணுத் தடிப்பில் அறுகோண வலையாக அமைந்த காபன் தாள்) நாடாக்களை டைட் பைண்டிங் முறையில், அதாவது இலத்திரன் அணுவுக்கு அணு தாவுவதாக வைத்து, பைதனில் கணிக்கிறேன், அயல் அணுவுக்குத் தாவும் சக்தி 2.7 இலத்திரன் வோல்ட். ஆம்ச்செயர் விளிம்பு, அகலம் 7 அணு வரிசை என்றால் 1.27 இலத்திரன் வோல்ட் இடைவெளி (இலத்திரனுக்கு இடமில்லாத சக்தி வீச்சு) வருகிறது. 8 வரிசையில் இடைவெளியே இல்லை! 9இல் மறுபடி வருகிறது. சிக்சாக் விளிம்பிலோ சக்தி வரைபில் பூச்சியத்தில் ஒரு தட்டைக் கோடு. எல்லாம் அதே காபன்தானே? இரண்டு நாளாக நிரலில் பிழை தேடுகிறேன்.

உப்புவெளி_அண்ணா:
தங்கச்சி, நிரல் சரி. கோழிக்கூட்டுக்கு அடிக்கிற அறுகோணக் கம்பிவலையில் ஒரு துண்டு எடுங்கள். கம்பி முறுக்குகளுக்குக் குறுக்கே வெட்டினால் சிக்சாக், முறுக்குகளின் போக்கிலேயே வெட்டினால் ஆம்ச்செயர். இனி மூலைகளுக்கு ஏ, பி, ஏ, பி என்று மாறி மாறிப் பெயர் வையுங்கள். சிக்சாக்கில் ஒரு கரை ஓரம் முழுக்க ஏ, எதிர்க்கரை முழுக்க பி. ஆம்ச்செயரில் இரண்டும் சோடியாக நிற்கும். வெட்டுப்பட்டு இல்லாமல் போன இடத்தில் இலத்திரனின் அலை பூச்சியமாக வேண்டும், ஆம்ச்செயரில் இரண்டு வகைக்கும் அந்தக் கட்டாயம் உண்டு, சிக்சாக்கின் ஏ கரையிலோ வெளியே அறுபட்டது பி மட்டும், அதனால் ஏ அணுக்களில் இலத்திரன் தங்கிவிடுகிறது. அந்தத் தட்டைக் கோடு அதுதான். 1996இல் ஜப்பானில் ஃபுஜிதா குழுவினர் கணித்துச் சொன்னது.

கன்னியா_வாசி:
8இன் கதை இன்னும் அழகு. அலை இரண்டு கரைக்கும் ஒரு வரிசை வெளியே பூச்சியமாகிறது, ஆகவே 8 வரிசை நாடாவில் அலைக்குக் கிடைக்கும் அகலம் 9. முழுக் கிராஃபீனில் இடைவெளி மூடுகிற இடமான டிராக் புள்ளியின் அலை மூன்று வரிசைக்கு ஒரு முறை திரும்பும், 9 மூன்றால் வகுபடும், 7, 9 வரிசை நாடாக்களுக்குக் கிடைக்கும் 8உம் 10உம் வகுபடாது. 11, 14 போட்டுப் பாருங்கள், அங்கேயும் மூடும். ஆனால் ஆய்வறிக்கையில் அதை உலோகம் என்று எழுதிவிடாதீர்கள்: ஓரப் பிணைப்புகள் ஏறத்தாழ 3.5 வீதம் சுருங்குவதைச் சேர்த்தால் 8இலும் சிறிய இடைவெளி திறக்கும், 2006இல் சன், கோஹென், லூயி காட்டியது.

நிலாவெளி_மாணவி:
நன்றி அண்ணா, இருவருக்கும். 11 மூடியது! சிக்சாக்கில் அணு அணுவாக எண்களை எடுத்துப் பார்த்தேன், நாடாவின் நீளப் போக்கில் அலை எண் பை ஆகும்போது இலத்திரன் முழுவதும் ஓர வரிசையில், 2பை/3ஐ நெருங்க நெருங்க உள்ளே பரவுகிறது. இந்த ஓர இலத்திரன்களுக்குச் சுழற்சியும் (ஸ்பின்) சேர்த்தால் விளிம்பு காந்தமாகுமா?

உப்புவெளி_அண்ணா:
ஆகும். ஒரே கரையில் சுழற்சி எல்லாம் ஒரே திசை, எதிர்க்கரையில் எதிர்த் திசை. ஹபர்ட் விலக்கத்தை (ஒரே அணுவில் இருக்கும் இரண்டு இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளுவதை) நிரலில் சேருங்கள், தட்டைக் கோடு பிளந்து இடைவெளி வரும்.