விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) முடித்தவருக்கு 10 நாள் எழுத்தமைப்புப் (டைப்போகிராஃபி) பயிற்சி உதவுமா?

(இணைய இழை ஒன்றில் நால்வர் பேசியது)

வரிவெளி:

பட்டம் முடித்து நேராக வடிவமைப்பு வேலைக்குப் போகிறவர்களுக்காக 10 நாள், நாளுக்கு 6 மணி நேரம் என்று ஒரு எழுத்தமைப்புப் பயிற்சி வைத்தால் பலன் உண்டா? உண்டு என்றே சொல்கிறேன். விஸ்காம் பாடத்திட்டங்களில் ஒளிப்படம், விளம்பரம், குறும்படம் எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்த பிறகு மிச்சமிருக்கும் மூலையில்தான் எழுத்தமைப்பு வருகிறது. அதுவும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்து. வேலையில் சேர்ந்தவுடன் கையில் வந்து விழுவதோ தமிழ்க் கையேடு, தமிழ் அழைப்பிதழ், தமிழ்ப் பொட்டல உறை.

திட்டம் சுருக்கமாக: முதல் 2 நாள் கணினி கிடையாது. அச்சான பக்கங்களை அடிக்கோலும் உருப்பெருக்கியும் வைத்து அளப்பது, துணைக்கால் (ா), கொம்பு (ெ, ே), விலங்கு (ி, ீ), சுழி என்று எழுத்தின் உறுப்புகளைப் பெயரிட்டு வரைவது. அடுத்த 4 நாள் ஒரே கட்டுரையை இன்டிசைன் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் மூன்று அளவுப் பக்கங்களில் அமைப்பது. மிச்ச 4 நாள் சுவரொட்டி, பொட்டலம், திரை. கடைசி நாள் மாலை எல்லாருடைய வேலையையும் சுவரில் ஒட்டிப் பேசுவது.

ஈயஅச்சு:

60 மணி நேரத்துல பேரு கத்துக்கலாம். கண்ணு வராது. லீடிங்னா வரியிடைவெளி, டிராக்கிங்னா எழுத்திடைவெளின்னு சொல்லத் தெரிஞ்ச ஆளு நமக்குத் தேவையில்லை. அச்சான பக்கத்தைக் கையில எடுத்த உடனே ‘இந்த வரி இடிக்குது’ன்னு சொல்ற ஆளுதான் வேணும். அது ஒரே மாதிரிப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திருத்துறதுல வர்றது. 10 நாளுக்குள்ள கையேடு, சுவரொட்டி, பொட்டலம், திரைன்னு நாலு சாமானை ஏத்தினா எதையும் ரெண்டாவது தடவை தொட நேரம் இருக்காது.

பிரஸ்ல ஆறு மாசம் உட்காரட்டும். சம்பளமும் வரும், கண்ணும் வரும்.

கொம்புசுழி:

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். குறுகிய தீவிரப் பயிற்சி என்றாலே நம் பிள்ளைகள் நியூயார்க்கில் கூப்பர் யூனியன் நடத்தும் 5 வாரக் கோடைப் பயிற்சியையும் இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தின் குறும்பயிற்சியையும்தான் சொல்கிறார்கள். அவை எழுத்துரு வரைவதற்கானவை. இங்கே பேசுவது இருக்கும் எழுத்துருவை எடுத்துப் பக்கத்தில் சரியாக அடுக்குவதைப் பற்றி. புத்தக வேலைக்குப் போகப்போகிறவர் ‘அ’வின் வளைவை நான்கு நாள் வரைந்துகொண்டிருந்தால் அது நல்ல அனுபவம்தான், ஆனால் வேறு தொழில்.

இரண்டாவது, வரிவெளியின் திட்டத்தில் தமிழ் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஆங்கிலப் பாடத்தை எடுத்துத் தமிழ் உதாரணம் ஒட்டினால் முதல் பக்கத்திலேயே சறுக்கும். இன்டிசைனின் தானியங்கி லீடிங் எழுத்தளவில் 120 விழுக்காடு. 11 பாயின்ட் (ஓர் அங்குலத்தில் 72 பாயின்ட்) எழுத்துக்கு 13.2 பாயின்ட் வரியிடைவெளி. ஆங்கிலத்துக்கு ஓடிவிடும். தமிழில் மேல்வரியில் ‘ஏழு, நூறு, மூன்று’, கீழ்வரியில் ‘நீதி, வீடு, கீரி’ என்று அடித்துப் பாருங்கள். மேலிருந்து இறங்கும் வாலும் கீழிருந்து ஏறும் விலங்கும் பல எழுத்துருக்களில் ஒன்றையொன்று தொடும், தொடாவிட்டாலும் மூச்சுவிட இடமிருக்காது. 11க்கு 15 அல்லது 15.5 வைத்தால்தான் வரி வரியாகத் தெரியும். இந்த ஒரு சோதனையை முதல் நாளே செய்யாத பயிற்சிக்குத் தமிழ்ப் பயிற்சி என்று பெயர் வைக்கக் கூடாது.

வரிவெளி:

ஒப்புக்கொள்கிறேன், அந்தச் சோதனையை முதல் நாளுக்குக் கொண்டுவரலாம். ஆனால் ஈயஅச்சு சொல்லும் ஆறு மாதத்தை ஏற்க முடியாது. பிரஸ்ஸில் உட்காரும் பையனுக்கு யார் சொல்லித் தருகிறார்கள்? பல இடங்களில் இன்றைக்கும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளில், யூனிகோடுக்கு முந்தைய குறியாக்க எழுத்துருவை வைத்துத்தான் டிடிபி (கணினிப் பக்க அமைப்பு) நடக்கிறது. அங்கே கற்பது பழக்கம். ஏன் அப்படிச் செய்கிறோம் என்று கேட்டால் ‘அப்படித்தான்’ என்பதே பதில். எழுத்து வரியில் அடங்கவில்லையா, கிடைமட்ட அளவை 80 விழுக்காடாகச் சுருக்கு என்பார்கள். அப்படிச் சுருக்கினால் நிற்கும் கோடுகள் மட்டும் மெலிந்து, படுக்கும் கோடுகள் பழைய தடிமனிலேயே இருக்கும். ‘ட’வைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இன்றைக்கு அனேக் தமிழ் போன்ற எழுத்துருவில் குறுகலான வடிவங்கள் முறையாக வரையப்பட்டே கிடைக்கின்றன, அதுவும் திறந்த உரிமத்தில். இதைச் சொல்ல அரை மணி நேரம் போதும். பழக்கமாகிவிட்ட பிறகு மாற்றுவதற்கு வருடமாகும்.

பிழைதிருத்தி:

மூவரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். புதிதாக வருகிறவர்களின் பக்கங்களில் கெடுவது பெரும்பாலும் அழகு இல்லை, உரை. அமைப்பதற்கு முன்னால் உரையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதே தெரியாது.

பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றினால் ‘அவர்கள்’ என்ற சொல் ‘அவா்கள்’ என்று வந்து நிற்கும். ரகரத்துக்குப் பதில் துணைக்கால், அதன்மேல் புள்ளி. பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இன்னொரு எழுத்துருவுக்கு மாற்றியதும் புள்ளி வட்டம் முளைக்கும். ‘கௌரி’க்கு ‘கெளரி’ இருக்கும், அதாவது ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ளகரமும். ‘ஔவை’ ‘ஒளவை’யாக இருக்கும். ‘கொ’வின் குறி சில இடங்களில் ஒரே குறியீடாகவும் சில இடங்களில் கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கும். பார்த்தால் ஒன்று, தேடினால் கிடைக்காது. சொல்லடைவு தயாரிக்கும்போதுதான் கழுத்தைப் பிடிக்கும்.

ஆகவே வரிசை இது: உரை வந்ததும் முதலில் துணைக்காலும் புள்ளியும் சேர்ந்த இணையைத் தேடி ரகர மெய்யாக மாற்று. பிறகு கொம்பும் காலும் பிரிந்து கிடப்பதைச் சேர். அடுத்து ஔகாரச் சொற்களை ஒவ்வொன்றாகப் பார். இதை மட்டும் மொத்தமாக மாற்றக் கூடாது. ‘தெளிவு’, ‘வெளி’ எல்லாவற்றிலும் கொம்பும் ளகரமும் நியாயமாகவே வரும், மொத்தமாக மாற்றினால் ‘தௌிவு’ ஆகிவிடும். இரட்டை இடைவெளி, கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் தேவையற்ற இணைப்பு மறுப்புக் குறி (ZWNJ) எல்லாவற்றையும் கடைசியில் அகற்று. இதற்குப் பிறகுதான் இன்டிசைன். இந்த வேலைக்கு முழுதாக ஒரு நாள் வேண்டும். உங்கள் திட்டத்தில் ஒரு மணி நேரம்கூட இல்லை.

கொம்புசுழி:

பிழைதிருத்தி சொன்னதோடு ஒன்று. உரையைக் கொட்டியதும் இன்டிசைனில் வரிகளை அடுக்கும் பத்தி அமைப்பியை, இந்திய எழுத்துகளையும் கையாளும் வேர்ல்டு-ரெடிக்கு மாற்றாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். உடனே எழுத்துரு கெட்டுவிட்டது என்று பழியைப் போட்டு, வேறு எழுத்துரு தேடி, கடைசியில் பழைய குறியாக்கத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். கோளாறு எழுத்துருவில் இல்லை, அமைப்பில்தான். பத்தி ஸ்டைலுக்குள்ளேயே அதைப் பதிந்துவிட வேண்டும். பத்தி பத்தியாக மாற்றினால் எங்கோ ஒன்று விட்டுப்போகும்.

ஈயஅச்சு:

இவ்வளவும் சரி. ஆனா இதெல்லாம் திரையில தெரியுற கோளாறு. பயிற்சியில கெடாதது அச்சு பிளேட்டுக்குப் போனதும் கெடுதே, அதைச் சொல்லுங்க.

ஒண்ணு: போட்டோஷாப்பிலேயோ வேர்டுலயோ செஞ்ச கறுப்பு எழுத்து நாலு வண்ணமாப் பிரிஞ்சு நாலு பிளேட்லயும் விழும். அச்சு ஓட்டத்துல ஒரு பிளேட் இம்மி நகர்ந்தாப் போதும், ஒவ்வொரு சுழியைச் சுத்தியும் சிவப்பு, நீலம்னு விளிம்பு கட்டும். உரை கறுப்பு பிளேட்ல மட்டும் இருக்கணும், ஓவர்பிரின்ட்டோட, அதாவது பின்னணி வண்ணத்து மேலேயே கறுப்பு விழுற மாதிரி. ரெண்டு: தடிமன் இல்லாத எழுத்துருவுக்கு ஓரக்கோடு போட்டுத் தடிமன் காட்டுறது. செய்தித்தாள் காகிதத்துல மை பரவும்போது ‘ண’, ‘ஞ’, ‘இ’ உள்வெளி அடைஞ்சு கறுப்புக் கட்டி ஆயிடும். மூணு: கருவண்ணப் பின்னணியில 7 பாயின்ட் வெள்ளை எழுத்து. ஆங்கிலத்துல தப்பிச்சாலும் தமிழ்ல தப்பாது.

இதை வகுப்பறையில லேசர் பிரின்டர்ல காட்ட முடியாது. பிளேட் போட்டு, தாள்ல ஓட்டணும். அதனாலதான் பிரஸ்ஸுன்னு சொல்றேன்.

வரிவெளி:

அதற்கு ஆறு மாதம் தேவையில்லை, ஓட்டிய தாள் தேவை. பயிற்சியின் நடுவில் ஒரு நாள் ஒரே பிளேட்டில் எல்லாருடைய பக்கங்களையும் சேர்த்து ஒற்றை வண்ணத்தில், பாதியை மேப்லித்தோவிலும் (புத்தகத்துக்கான வெள்ளைத் தாள்) பாதியை செய்தித்தாள் காகிதத்திலும் ஓட்டலாம். 

ஈயஅச்சு:

ஒரு நாள் ஓட்டிட்டு விட்டா பிரயோஜனமில்லை. ஓட்டினதைப் பார்த்துத் திருத்தி, மறுபடி ஓட்டணும். அந்த ரெண்டாவது ஓட்டத்துல தெரியுற மாற்றம்தான் பாடம். உங்க திட்டத்துல அதுக்கு நாள் இருக்கா?

பிழைதிருத்தி:

இருக்க வைக்கலாம், சுவரொட்டியையும் பொட்டலத்தையும் தூக்கினால். உரைப் பக்கம் அமைக்கத் தெரிந்தவர் பொட்டலத்தைக் கற்றுக்கொள்வார். பொட்டலத்தில் தொடங்கியவர் உரைப் பக்கத்துக்கு வருவதே இல்லை.

8 பக்கம் போதும். டெமி 1/8, அதாவது 5.5க்கு 8.5 அங்குலம், பாயின்டில் 396க்கு 612. உரை அகலம் 25 பிக்கா, 300 பாயின்ட். மிச்சம் 96இல் உள்ஓரத்துக்கு 54, வெளிஓரத்துக்கு 42. பசைக்கட்டுப் புத்தகத்தில் உள்ஓரம் இதற்குக் கீழே போனால் வரியின் முதல் எழுத்து மடிப்புக்குள் போய்விடும். வரி 15.5 பாயின்ட், பக்கத்துக்கு 31 வரி. அதை பேஸ்லைன் கிரிட்டில், அதாவது எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான வரிக்கோடுகளில், பூட்டிவிட வேண்டும், தாளின் இருபுறமும் வரி ஒன்றன்மேல் ஒன்று விழுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதற்காக. இந்த அகலத்தில் வரிக்கு 6, 7 சொல் வரும்.

இப்போது சிக்கல் தொடங்கும். ‘கொண்டுவரப்பட்டிருக்கிறது’ ஒரே சொல், 14 எழுத்து. இரு ஓரமும் நேர்செய்த பத்தியில் அது அடுத்த வரிக்குப் போனால் மேல்வரியில் சொற்களுக்கிடையே பெரிய வெளி விழும். உடைக்கத்தான் வேண்டும். ‘கொண்டு-வரப்-பட்டிருக்-கிறது’ என்று உடைக்கலாம். ‘பட்டிரு-க்கிறது’ என்று உடைக்கக் கூடாது, புள்ளியெழுத்து வரியின் தொடக்கத்தில் வரலாகாது. ஹைஃபன் போடுவதா இல்லையா என்பது பதிப்பகத்தின் வழக்கம். நாளிதழ்கள் பல போடாமலே உடைக்கின்றன. புத்தகத்தில் எதையாவது ஒன்றைத் தேர்ந்து முழுக்க அதையே பிடித்துக்கொண்டால் சரி.

கொம்புசுழி:

நாளிதழ்ப் பத்தியில் இது இன்னும் கடுமை. 4 செ.மீ. அகலத்தில் 9 பாயின்டில் அந்த ஒரு சொல்லே ஏறக்குறைய முழு வரியையும் பிடித்துக்கொள்ளும். அங்கே இடப்பக்கம் மட்டும் நேராக வைப்பதைப் பற்றி நம் ஊரில் யோசிப்பதே இல்லை.

நேர்செய்யும்போது இன்டிசைனில் சொல்லிடைவெளியின் இயல்பு எண்கள் 80, 100, 133 விழுக்காடு, அதாவது குறைந்தது, விரும்புவது, அதிகபட்சம். அதைத் தொடலாம். எழுத்திடைவெளியைத் தமிழில் பூஜ்யத்திலிருந்து நகர்த்தவே கூடாது. ‘கோ’ நம் கண்ணுக்கு ஒரு எழுத்து, தாளில் மூன்று துண்டு. இடைவெளி கூட்டினால் கொம்பு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொண்டது போலவும் கால் ரகரம் போலவும் தெரியும். தலைப்புகளில் ஆங்கிலப் பெரிய எழுத்தைப் பார்த்து இதைச் செய்கிறார்கள். கண் கூசுகிறது.

வரிவெளி:

தமிழும் ஆங்கிலமும் ஒரே வரியில் வரும் இடத்துக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். இரண்டுக்கும் 11 பாயின்ட் கொடுத்தால் அளவு ஒன்றாகத் தெரியாது. பாயின்ட் என்பது எழுத்தின் உயரம் இல்லையே. ‘ப’வின் உயரத்தையும் ஆங்கிலச் சிறிய எழுத்தின் உடல் உயரத்தையும் அச்சில் அளந்து, வித்தியாசத்துக்கு ஏற்ப ஆங்கிலத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்து எழுத்து ஸ்டைலாக வைத்து, கிரெப் ஸ்டைல் (குறிப்பிட்ட வகை எழுத்துகளைத் தேடி ஸ்டைல் போடும் வசதி) மூலம் தானாகப் பிடிக்கச் செய்யலாம். ஒவ்வொரு எழுத்துரு ஜோடிக்கும் எண் மாறும். மனப்பாடம் செய்யக்கூடிய எண் எதுவும் கிடையாது.

ஈயஅச்சு:

அளவுச் சண்டை தமிழுக்குப் புதுசு இல்லை. தரங்கம்பாடி மிஷன் அச்சகத்துக்கு 1713ல ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்து ரொம்பப் பெருசு. காகிதம் கட்டுப்படியாகலன்னு அங்கயே சின்ன எழுத்து வார்த்து 1715ல புதிய ஏற்பாட்டை முடிச்சாங்க. காகிதமும் எழுத்தும் ஒண்ணையொண்ணு பார்த்துத்தான் முடிவாகும். ஓட்டிப் பார்க்கணும்னு நான் அடிச்சுச் சொல்றது அதனாலதான்.

வரிவெளி:

சரி, திட்டத்தை மாற்றுகிறேன். 1ஆம் நாள் அளப்பதும் வரியிடைவெளிச் சோதனையும். 2ஆம் நாள் உரைச் சுத்தம். 3, 4, 5 அந்த 8 பக்கம். 6ஆம் நாள் முதல் ஓட்டம், இரண்டு காகிதத்திலும். 7, 8 சிவப்புப் பேனாவோடு திருத்தம், பிழைதிருத்தி போன்ற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து. 9 இரண்டாம் ஓட்டம். 10 மறுபடி திருத்தி மூன்றாம் மெய்ப்பு (சரிபார்க்க எடுக்கும் தாள்). சுவரொட்டி, பொட்டலம், திரை மூன்றும் போய்விட்டன. திரை போனதில் எனக்கு வருத்தம்தான், கைப்பேசியில் தமிழ் எப்படி உடைகிறது என்பதற்கே தனியாக 5 நாள் வேண்டும்.

கொம்புசுழி:

திரையை எடுத்தது பிழை என்று பதிவு செய்கிறேன். இன்றைக்கு வேலைக்குச் சேரும் எல்லாரும் புத்தகம் அமைக்கத்தான் போகிறார்கள் என்றில்லை. தனி இழையில் பேசுவோம்.

ஈயஅச்சு:

இந்தத் திட்டம்னா எதிர்க்க மாட்டேன். 10 நாள்ல கண்ணு வந்துடும்னு இன்னும் ஒத்துக்கல. எங்க பார்க்கணும்னு தெரிஞ்சுக்கலாம், அவ்வளவுதான். ஒரே நிபந்தனை: சான்றிதழ் கொடுக்காதீங்க. வேலைக்கு வர்ற பிள்ளை முதல் ஓட்டத்துத் தாளையும் மூணாவது மெய்ப்பையும் எடுத்துட்டு வரட்டும், சிவப்புப் பேனாக் கோடு அப்படியே இருக்கணும். மேசையில ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துக்கலாம்.