2 எச்.பி. ரம்ப மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை: காயில் கட்டவா, புதிது வாங்கவா?

இழைப்புளி:
வணக்கம். கும்பகோணம் பக்கம், வீட்டுக் கொல்லையில் சின்ன மரப்பட்டறை வைத்திருக்கிறேன். 12 அங்குல வட்ட ரம்பத்துக்கு 2 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார், 1440 ஆர்.பி.எம்., பெல்ட்டில் ஓடுவது. 8 வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லை. போன வாரத்திலிருந்து சுவிட்சைப் போட்டால் ‘உம்ம்’ என்று உறுமிக்கொண்டு அப்படியே நிற்கிறது. பெல்ட்டைக் கையால் இழுத்துவிட்டால் பிடித்துக்கொள்கிறது, அப்புறம் பலகையும் நன்றாகவே அறுக்கிறது. எலக்ட்ரீசியன் மூடியைக்கூடக் கழற்றாமல் "காயில் போயிடுச்சு, கட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தேக்கு நிலை ஒன்று பாதியில் கிடக்கிறது, அந்த வீட்டில் கிரகப்பிரவேசத்துக்கு நாளும் குறித்தாயிற்று. என்ன செய்யலாம்?

காயில்காரன்:
தம்பி, பெல்ட்டைக் கையால் இழுப்பதை முதலில் நிறுத்துங்கள். மோட்டார் பிடிக்கும் நொடியில் விரல் புல்லிக்குள் போய்விடும்.

ஓட ஆரம்பித்த பின் ஒழுங்காக அறுக்கிறது என்றால் ரன்னிங் காயிலில் (ஓடும்போது வேலை செய்யும் காயில்) பெரிய குறை இருக்காது. ஸ்டார்டிங் பக்கம்தான் கோளாறு. அங்கே இருப்பது மூன்று: கிளப்பிவிடும் ஸ்டார்டிங் காயில், கண்டன்சர் (கெப்பாசிட்டர்), உள்ளே வேகம் ஏறியதும் தானாகக் கழன்றுகொள்ளும் ஒரு சென்ட்ரிபியூகல் சுவிட்ச். பெரும்பாலும் முதலில் போவது கண்டன்சர். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கண்டன்சரின் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு குண்டு பல்பை வைத்து மிச்சக் கரண்ட்டை இறக்குங்கள். அப்புறம் மீட்டரில் பாருங்கள். மேலே அச்சடித்திருக்கும் அளவுக்கு வெகுவாகக் கீழே இருந்தால் அதே எம்.எஃப்.டி. (மைக்ரோஃபாரட், கண்டன்சரின் அளவு), அதே வோல்ட்டில் புதிதாகப் போடுங்கள்.

இழைப்புளி:
அண்ணா, 120–150 என்று போட்டிருக்கிறது, மீட்டர் 31 காட்டுகிறது! புதிது போட்டேன், ஒரே உதறலில் கிளம்பிவிட்டது. ரொம்ப நன்றி.

இழைப்புளி (மறுநாள்):
நன்றியை அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். நாலாவது தடவை போட்டபோது ‘படார்’ என்று புதுக் கண்டன்சர் வெடித்துவிட்டது. பட்டறை முழுக்க ஒரே நாற்றம்.

காயில்காரன்:
மோட்டார் வேகம் எடுக்கும்போது உள்ளே ‘டிக்’ என்று சத்தம் கேட்டதா? கேட்டிருக்காது. ஸ்டார்டிங் கண்டன்சர் சில நொடி வேலைக்குத்தான் செய்தது. முழு வேகத்தில் முக்கால் பங்கு வந்ததும் அந்தச் சுவிட்ச் அதைக் கழற்றிவிட வேண்டும். அது ஒட்டிக்கொண்டால் கண்டன்சர் கரண்ட்டிலேயே கிடந்து சூடாகி வெடிக்கும். பழையது போனதற்கும் இதுதான் காரணமாக இருக்கும்.

உங்களுடையது துளை வைத்த ஓப்பன் மோட்டாராக இருந்தால் மரத்தூள் உள்ளே போய் கிரீஸோடு சேர்ந்து களிம்பாகியிருக்கும். பின்மூடியைக் கழற்றும் முன் மூடியிலும் பாடியிலும் சேர்த்து ஒரு பஞ்ச் குறி போடுங்கள். ஒயர்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தூளைச் சுரண்டி எடுத்து, காண்டாக்டை ஜீரோ நம்பர் எமரியால் லேசாகத் தேயுங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் சுவிட்சையே மாற்றுங்கள். கழற்றியதுதான் கழற்றினீர்கள், பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். மரப்பட்டறைக்கு ரப்பர் சீல் வைத்ததுதான் நிற்கும்.

தேக்குமரம்:
ஒரு சந்தேகம். வீட்டு போர்டிலிருந்து பட்டறை எவ்வளவு தூரம், என்ன ஒயர்?

இழைப்புளி:
30 மீட்டர் இருக்கும். 1.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர்.

தேக்குமரம்:
அதுதான் கேட்டேன். போக வர 60 மீட்டர், அந்த ஒயருக்கு ஏறக்குறைய 0.7 ஓம் வரும். கிளம்பும்போது மோட்டார் 50 ஆம்பியர் இழுத்தால் ஒயரிலேயே 35 வோல்ட் போச்சு. 230 வோல்ட் 195 ஆனால் இழுவை கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பத்தானே இழுவை. வேகம் எடுக்க நேரமானால் கண்டன்சரும் அவ்வளவு நேரம் வேகும். 4 ஸ்கொயர் ஒயர் இழுங்கள்.

புதிது வாங்கும் நிலை வந்தால் முழுக்க மூடிய, வெளியே ஃபேன் வைத்த மோட்டாராகப் பாருங்கள். பிரேம் நம்பரும் (மோட்டார் பாடியின் அளவு) ஷாஃப்ட் விட்டமும் பழையதோடு ஒத்துப்போகாவிட்டால் புல்லி, பேஸ் பிளேட் எல்லாம் மாற்ற வேண்டிவரும். மோட்டார் விலையைவிட அந்த அலைச்சல்தான் கொடுமை.

இழைப்புளி:
திறந்தேன். காயில் கருகவில்லை, வார்னிஷ் பளபளப்பு அப்படியே இருக்கிறது. தூள்தான் இரண்டு கை அள்ளும் அளவு! சுவிட்ச், பேரிங், கண்டன்சர் மூன்றும் புதிது போட்டேன். ‘டிக்’ தெளிவாகக் கேட்கிறது. ஆனால் இப்போது தலைகீழாகச் சுற்றுகிறது. போட்டோ எடுக்க மறந்துவிட்டேன்.

காயில்காரன்:
அப்படியே ரம்பத்தை ஓட்டிவிடாதீர்கள், பிளேடு நட்டு கழன்றுவிடும். ஸ்டார்டிங் காயிலின் இரண்டு முனையை மட்டும் இடம் மாற்றுங்கள், ரன்னிங்கைத் தொட வேண்டாம். முதலில் பெல்ட் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள்.

இழைப்புளி:
சரியாகிவிட்டது அண்ணா. நிலை ஏற்றியாயிற்று. ஒயர் நாளைக்கு இழுக்கிறேன்.