நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது ஏன்?

கேள்வி: சில மாதங்களாக வயிற்று உப்புசமும் அடிக்கடி வயிற்றுப்போக்கும் இருக்கின்றன, வழக்கம்போல் சாப்பிட்டும் எடை குறைந்துகொண்டே வருகிறது. இயற்கை முறையில் சரிசெய்ய இயலுமா?

பதில் 1: உணவிலுள்ள சத்துகளில் பெரும்பகுதி சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல் நீண்டிருக்கும் நுண்ணிய குடலுறிஞ்சிகள் வழியாகவே உடலில் சேர்கிறது, கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் ஒவ்வாத சீலியாக் நோயில் அவை சிதைந்துவிடுவதால், எவ்வளவு உண்டாலும் உடல் மெலியக்கூடும். முயற்சி ஏதுமின்றி 6 முதல் 12 மாதங்களுக்குள் எடை 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், கைவைத்தியத்தில் காலம் கடத்தாமல் தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள்.

பதில் 2: எனக்கு இருந்தது மலச்சிக்கல். அதனால் கூடிய எடை கொழுப்பன்று. நார்ச்சத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, போதிய நீர் அருந்தி, நாள்தோறும் நடந்ததில் குறைந்தது.

பதில் 3: இஞ்சி குமட்டலைத் தணிக்குமே தவிர, சிதைந்த குடலைச் சீராக்காது. பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் சீலியாக் நோய் இருந்தும் இரத்தப் பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.